ஆடியவனுக்கு ஒரு கல்: வீரசோழன் வறண்ட நிலத்திலிருந்து ஒரு பார்வை

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகல் ஒன்றில் ஒரு மனிதன் எருதோடு மல்லுக்கட்டுகிறான். கல்வராயன் மலைப் பகுதியின் கருமந்துறையில் கிடைத்த கல் அது. ஏறத்தாழ நானூறு ஆண்டுப் பழமை சொல்வார்கள். அதில் பொறித்திருக்கும் செய்தி சின்னது. கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் (இன்றைய கருமந்துறை) எருது விளையாடி இறந்தான். அவன் மகன் பெரிய பயல் இந்தக் கல்லை நட்டான். சங்கன் போரில் விழுந்தவனல்லன், நிரை மீட்டவனுமல்லன். விளையாடப் போய் மாண்டவன். அவனுக்குக் கல், அதில் உருவம், பெயர், நட்டவன் பெயர் எல்லாம் கிடைத்திருக்கின்றன. ஊரறிந்த விளையாட்டு வீரனுக்குப் பொதுவிடத்தில் நினைவுச் சின்னம் என்று இன்று நாம் சொல்வதற்கு வேண்டிய அத்தனையும் இந்த ஒரு கல்லில் உண்டு.

இந்த வழக்கம் எப்போது, எப்படி அறுந்தது? கேள்வியை விருதுநகர் மாவட்டத்து ஊரான வீரசோழனில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று விரியும் இந்த மானாவாரி நிலத்தில் அறுப்பு முடிந்து அடுத்த மழைக்காக நிலம் காயும் மாதங்கள்தாம் விளையாட்டு மாதங்கள். கோயில் திருவிழாவோடு மாட்டுவண்டிப் பந்தயம், வடமாடு மஞ்சுவிரட்டு, கபடி, வாலிபால் என்று ஊர் மாற்றி ஊர் நடக்கும். தென்மாவட்டத்துப் பழைய ஊர்களில் இளவட்டக்கல் இன்னமும் கிடக்கிறது. ஆடுபவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. முச்சந்திகளில் சிலையாக நிற்பவர்களோ தலைவர்கள்.

பழைய மரபை முதலில் பார்ப்போம். தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளைச் சொல்கிறது. வழிநெடுக நின்ற கற்களில் வீரனின் பெயரும் பெருமையும் எழுதி மயிற்பீலி சூட்டியதை அகநானூறு காட்டுகிறது. ஊருக்குள் ஒதுங்கி நிற்கும் கல்லல்ல, போவோர் வருவோர் படிக்கும் கல். தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் இந்த வழக்கத்தைக் கிறித்துவுக்கு முன்னரே கொண்டுபோய் நிறுத்திவிட்டன. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், விழுந்தவனுக்கு நட்டது.

விளையாட்டு இதற்குள் எப்போது நுழைந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று மனிதனுடைய கல்லே அல்ல, கோழிக் கல். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும் செங்கற்பட்டுப் பகுதி இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்கு நட்ட கற்கள் கிடைத்துள்ளன. இவை பொது ஆண்டு ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியவை. அரசலாபுரத்துக் கோழி முகையூர் மேற்சேரிக்காக ஆடியது. இந்தளூர்க் கோழி கீழ்ச்சேரியுடையது. பொற்கொற்றி என்று அதற்குப் பெயரும் இருந்தது. மேற்சேரி, கீழ்ச்சேரி என்று தெருவைச் சொல்லாமல் இவற்றின் வீரத்தைச் சொல்ல முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடியது கோழிதான், வென்றதும் தோற்றதும் சேரி. இந்த விஷயம் பின்னால் பெரிய சிக்கலாகப் போகிறது.

தமிழ் நிலத்துக்கு வெளியே பார்த்தால், விளையாட்டு வீரனைச் சிலையாக்குவதில் கிரேக்கர்களை மிஞ்ச ஆளில்லை. ஒலிம்பியாவின் புனிதத் தோப்பில் வென்றவர்களின் சிலைகள் வரிசையாக நின்றன. தாசோஸ் தீவின் தியாகெனிஸ் என்ற குத்துச்சண்டை வீரனின் சிலையைப் பற்றி பௌசனியஸ் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். அவனுடைய பகைவன் ஒருவன் இரவுதோறும் வந்து சிலையைச் சாட்டையால் அடித்தானாம். ஒரு நாள் சிலை அவன்மேல் விழுந்து கொன்றது. கொலைக் குற்றம் சுமத்திச் சிலையைக் கடலில் எறிந்தார்கள். உடனே நிலம் விளைய மறுத்தது. மீனவர் வலையில் சிக்கிய சிலையை மீண்டும் நிறுத்திப் படையலிட்ட பிறகுதான் ஊர் தேறியது. நடுகல்லைக் குலசாமியாக்கிப் பொங்கல் வைக்கும் திருச்சுழிச் சீமைக்காரருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

சென்னையில் வேறொரு மரபு கப்பலில் வந்து இறங்கியது. 1827-இல் காலராவில் இறந்த ஆளுநர் தாமஸ் மன்றோவுக்குச் சந்தா திரட்டி, சான்ட்ரி என்ற சிற்பியிடம் செய்வித்த குதிரைச் சிலை 1839-இல் நின்றது. பீடம், உயரம், ஆளுகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிலை என்ற எண்ணம் அப்போது ஊன்றியது. விடுதலைக்குப் பின் ஆட்கள் மாறினார்கள், எண்ணம் மாறவில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த பத்துச் சிலைகளில் புலவரும் தமிழறிஞரும் போராட்ட வீரரும் காப்பியத் தலைவியும் உண்டு. ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் பெயரும் ஆடியவருடையதல்ல, கிரிக்கெட் வாரியத்தை நிர்வகித்த எம்.ஏ. சிதம்பரத்தினுடையது.

வங்காளம் இந்த வகையில் முந்திக்கொண்டது. மோகன் பகான் அணியின் தடுப்பாட்டக்காரர் கோஷ்ட பால், ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று பெயரெடுத்தவர். 1962-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1976-இல் மறைந்தார். 1984-இல் கொல்கத்தா மைதானப் பகுதியில் அவருக்குச் சிலை எழுந்தது. மராட்டியத்தில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்த வெண்கலம் வென்று திரும்பிய கசாபா தாதாசாகேப் ஜாதவை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் ஊர்வலமாக அழைத்துப்போயின. அரசின் அர்ஜுனா விருதோ அவர் இறந்த பிறகுதான் வந்தது. தில்லி மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் 2010-இல் சூட்டப்பட்டது. ஈழத்தில் 1971-இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்விட்டார். அவர் பெயரில் ஊரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. நீந்தியவனுக்குத் தடாகம் என்பது சிலையைவிடப் பொருத்தம் என்றே தோன்றுகிறது.

தியான்சந்துக்கு வியன்னாவில் நான்கு கை, நான்கு ஹாக்கி மட்டைகளோடு சிலை உண்டு என்று நம்மூர்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில்கூடச் சொல்வார்கள். அந்தச் சிலையை இதுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை. இல்லாத சிலையைச் சொல்லிச் சொல்லியே நிறுத்திவிட்டோம்.

தமிழ்நாட்டில் எருது விளையாட்டு சிலையாகத் திரும்பி வந்தது ஜல்லிக்கட்டுக்கான 2017 தைப் போராட்டத்துக்குப் பிறகு. 2014 மே மாதத் தடை, மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் திரண்ட கூட்டம், சட்டத் திருத்தம், 2023 மே 18-இல் அதை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் அறிந்த கதை. 2020 அக்டோபரில் விராலிமலையில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஜல்லிக்கட்டுச் சிலை ஒன்றைத் திறந்துவைத்தார். சீறும் காளை, அதை அடக்கும் வீரன். அந்த வீரன் எந்தத் தனி ஆளும் இல்லை. 2024 ஜனவரி 24-இல் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கம் கலைஞர் நூற்றாண்டுப் பெயரைத் தாங்குகிறது. வாடிவாசலில் மைக் பிடித்தவர் காளையின் ஊரையும் உரிமையாளர் பெயரையும் அழைக்கிறார். பிடிக்க இறங்குபவரின் பனியனில் எண் இருக்கிறது. மாட்டுவண்டிப் பந்தய முடிவிலும் வண்டி உரிமையாளர் பெயர் முன்னால், ஓட்டிய சாரதி பெயர் பின்னால்.

ஆடியவன் பெயர் இப்படி மறைந்ததற்கு நட்டவர் மாறியதுதான் காரணம் என்பது என் கருத்து. மகன் நட்டபோது தகப்பன் பெயர் வந்தது. சேரி நட்டபோது சேரியின் கோழி பெயர் பெற்றது. அரசு நடும்போது விளையாட்டு, பண்பாடு, வீரம் என்ற பொதுச் சொற்கள் உருவம் பெறுகின்றன. ஆள் காணாமல் போகிறான்.

ஆனால் ஊரே நட்டுவிட்டால் போயிற்று என்று வீரசோழன் பக்கம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. தென்மாவட்டங்களில் சிலை என்பது காவல் துறை விவகாரம். சேதப்படுத்திய சிலைகளால் மூண்ட மோதல்களுக்குப் பிறகு தலைவர்களே இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். வடமாடு அணியில் ஒன்பது பேர் சேர்ந்து இறங்கும்போது எழாத கேள்வி, அவர்களில் ஒருவனுக்குச் சிலை என்றதும் எழும்: எந்தத் தெருப் பையன்? மேற்சேரியும் கீழ்ச்சேரியும் இன்னும் கலைந்துவிடவில்லை. போதாக்குறைக்கு, பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஊர் இளைஞர்கள் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டிருக்கிறார்கள்: நினைவுச் சுழற்கோப்பை. இறந்த ஆட்டக்காரனின் பெயரில் ஆண்டுதோறும் கபடிப் போட்டி, வாலிபால் போட்டி. பிளெக்ஸில் அவன் படம், நோட்டீசில் அவன் பெயர், கீழே பரிசு கொடுப்பவர்கள் பெயர். மைதானத்தைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவனோடு ஆடியவர்கள். யாரிடமும் சிலைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் அணியும் நுழைவுக் கட்டணம் கட்டி வந்து ஆடும். தொல்காப்பியத்தின் ஆறு படிகளில் கல் எடுப்பதும் நீராட்டுவதும் நடுவதும் இங்கே இல்லை. படையலும் வாழ்த்தும் இருக்கின்றன.

ஆய்வாளருக்கு இதில் உள்ள தொல்லை, நோட்டீசு கல்வெட்டைப் போல நிலைக்காது என்பதுதான். போட்டி முடிந்த மறுநாள் அது டீக்கடையில் வடை மடிக்கப் போய்விடும். யார் நினைவாக, எந்த ஆண்டு, எத்தனையாவது போட்டி, யார் செலவில் என்ற விவரம் பொதுவாக அதில் இருக்கும். ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் திரட்டினால், இந்த வட்டாரம் தன் ஆட்டக்காரர்களில் யாரை எத்தனை ஆண்டு நினைவில் வைத்திருந்தது, எந்த ஆண்டோடு கைவிட்டது என்று தெரிந்துவிடும். நரிக்குடி ஒன்றியத்து அச்சகங்களின் பழைய பிரதிகளிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.