ஸ்டீராய்டுக்கு அடங்காத லுக்கிமியா செல்... எட்டாம் நாள் ரத்தம் சொல்லும் சேதி!

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சேலம், நாமக்கல் பக்கமிருந்து வேலூருக்கோ சென்னை அடையாறுக்கோ பஸ் ஏறும் குடும்பங்கள் உண்டு. உங்கள் தெருவிலேயேகூட இருக்கலாம். அவர்களில் பலருக்கு மறக்கவே முடியாத ஒரு நாள், சிகிச்சையின் எட்டாம் நாள்.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏ.எல்.எல். வகை லுக்கிமியா. பல சிகிச்சைத் திட்டங்களில் முதல் ஏழு நாளும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுதான் பிரதான மருந்து. கூடவே முதுகுத்தண்டில் ஒரு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி. எட்டாம் நாள் ரத்தம் எடுத்துப் புற்றுசெல்களை எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இருந்தால் மருந்து கேட்கிறது. 1,000-ஐத் தாண்டினால் சிகிச்சை கடுமையாகும். 1980-களில் ஜெர்மனியின் பி.எஃப்.எம். குழு கண்டுபிடித்த அளவுகோல் இது. இந்தியாவின் பெரிய மையங்கள் சேர்ந்து நடத்தும் 'இசிக்கிள்' சிகிச்சைத் திட்டத்திலும் இருக்கிறது. சுமார் பத்தில் ஒரு குழந்தை இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

"ஏனுங்க டாக்டர், மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சுங்களா?"

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இல்லைங்க, பழகுவது உடம்பு இல்லை. மாறியிருப்பது அந்தப் புற்றுசெல்.

சாவி ஒன்று, பூட்டு பல!

ஸ்டீராய்டை ஒரு லாரி சாவின்னு வெச்சுக்கோங்க. செல்லுக்குள்ளே அதற்கென்று ஒரு பூட்டு, அதாவது ரிசப்டர் இருக்கிறது. சாவி பொருந்தியதும் ரிசப்டர் செல்லின் மையக்கருவுக்குப் போய் 'பிம்' என்ற புரதத்தின் சுவிட்சைப் போடும். செல்லைச் சாகவிடாமல் காக்கிற 'பி.சி.எல்-2' என்ற காவலாளியை பிம் மடக்கிவிடும். அப்புறம் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

சில செல்களில் ரிசப்டரின் மரபணுவே பழுதாகியிருக்கும். சிலவற்றில் ரிசப்டர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 'காஸ்பேஸ்-1' என்ற நொதி அதை வெட்டிப் போட்டுவிடும். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. இன்னும் சில செல்களில் பிம் சுவிட்ச் இருக்கும் பகுதியே இறுக மூடிக்கிடக்கும். காவலாளி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கவும் வாய்ப்புண்டு.

எனக்கு ஆச்சர்யம் தந்தது அடுத்தது. எலும்பு மஜ்ஜையில் 'ஐ.எல்-7' என்றொரு சிக்னல் உண்டு. செல்லுக்கு 'சாகாதே' என்று சொல்கிற சிக்னல். டி-செல் வகை லுக்கிமியா சிலவற்றில், கொல்ல வந்த ஸ்டீராய்டே அந்த சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவை அதிகமாக்கிவிடுகிறது! டி-செல் வகையில் எட்டாம் நாள் கோட்டைத் தாண்டுவதும் அதிகம். சென்னையின் பழைய சிகிச்சைப் பதிவுகளில் மேலை நாடுகளைவிட டி-செல் வகை கூடுதலாகக் காணப்பட்டதால், நமக்கு இது தூரத்து விஷயமில்லை.

கோரைக்கிழங்கு கணக்கு

மரவள்ளிக் காட்டில் களை வெட்டியவர்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் காடு சுத்தமாக இருக்கும். மண்ணுக்குள் கோரைக்கிழங்கு கிடக்கும். மழை பெய்ததும் கோரை மட்டும் முளைத்து வரும். லுக்கிமியாவிலும் அப்படித்தான். லட்சக்கணக்கான செல்கள் செத்தாலும், மேலே சொன்ன கோளாறில் ஏதோவொன்று இருக்கும் சில செல்கள் தப்பிக்கும். நோய் திரும்பும்போது வருவது அவற்றின் வாரிசுகள். அதனால்தான் ஒரே மருந்தை நம்பாமல் வின்கிறிஸ்டின், அஸ்பராஜினேஸ் என்று பல பக்கமிருந்தும் அடிக்கிறார்கள்.

இங்கே வீட்டில் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு சாப்பிட்டால் முகம் உப்பும், பசி அகோரமாகும், குழந்தை எரிந்து விழும். பாவம் பார்த்து மாத்திரையைப் பாதியாக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திடீரென நிறுத்துவது தனி ஆபத்தும்கூட.

இன்னொன்று, நோய் தெரிவதற்கு முன்பே நடப்பது. வாரக்கணக்கில் காய்ச்சல், கால் வலி, வெளிறிய முகம், தோலில் சிவப்புப் புள்ளிகள். யாரோ ஸ்டீராய்டு ஊசி போட, குழந்தை இரண்டே நாளில் ஓடியாடும். லுக்கிமியா தற்காலிகமாகப் பதுங்கிக்கொள்ளும். கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், எட்டாம் நாள் கணக்கும் குழம்பும். அதனால் இந்த அறிகுறிகள் இருந்தால் ஊசிக்கு முன்னால் ஒரு முழு ரத்த எண்ணிக்கையும், ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் டெஸ்ட்டும் கேளுங்கள். ஸ்டீராய்டு ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள்.

எட்டாம் நாள் கோட்டைத் தாண்டிவிட்டாலும் இடிந்துபோக வேண்டாம். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையில் எம்.ஆர்.டி. டெஸ்ட் எடுப்பார்கள். பத்தாயிரம் செல்லில் ஒரு புற்றுசெல் ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் அது. முதல் வாரம் அடங்காத பல குழந்தைகளுக்கு அதில் நல்ல ரிசல்ட் வந்திருக்கிறது.