உம்மா வாப்பாவுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை: ஹெபடைடிஸ் ஏ எதிர்ப்பாற்றல்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்து வரும் பெற்றோர், “நாங்களும் இந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தோம்” என்பார்கள். உண்மைதான். அப்படி வளர்ந்ததால்தான் அவர்களில் பலருக்கு ஹெபடைடிஸ் ஏ எதிர்ப்பாற்றல் கிடைத்தது. பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்களில் இது ஒன்று. நோயாளியின் மலத்தில் வெளியேறி, அசுத்தமான தண்ணீர், உணவு, சரியாகக் கழுவாத கை வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் பாதுகாப்பு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காமாலை வெளியே தெரியாது. வந்ததே தெரியாமல் எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் அது மரபுச் சொத்தல்ல. தாயிடமிருந்து சிசுவுக்கு வருவது சில மாதங்களில் தேய்ந்துவிடும்.

நெதர்லாந்து இதை நேரில் கண்டது. துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் 1960களில் தொடங்கி வேலைக்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் அங்கே அதிகம். கோடை விடுமுறையில் சொந்த ஊர் போய்த் திரும்புவார்கள். பள்ளி திறந்த சில வாரங்களில், இலையுதிர் காலத்தில், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் இந்நோய் கூடும். கிருமி புகுந்து நோய் தெரிய 15 முதல் 50 நாட்கள் ஆகும். ஊரில் தொற்றிய பிள்ளை நலமாகவே விமானம் ஏறும். அறிகுறி தோன்றும் முன்பே மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்க, எதிர்ப்பாற்றல் இல்லாத பெரியவர்கள்தாம் வாரக்கணக்கில் படுப்பார்கள். அரிதாகக் கல்லீரல் செயலிழந்து உயிரும் போகும்.

1990களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரச் சுகாதாரத் துறை, இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடுமுறைக்கு முன்பே தடுப்பூசி போட ஏற்பாடு செய்தது. பின்னர் நோய் குறைந்தது. பெற்றோரின் நாடுகளில் சுகாதாரம் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு.

லண்டனிலிருந்து காயல்பட்டினத்துக்கும் பாரிஸிலிருந்து காரைக்காலுக்கும் வரும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. அமெரிக்காவில் 2006இல் ஒரு வயதான எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டது. பிரிட்டனிலும் பிரான்சிலும் வழக்கமான அட்டவணையில் இல்லை. நாமாகக் கேட்டுத்தான் போட வேண்டும். அட்டையில் ‘ஹெபடைடிஸ் பி’ என்றிருப்பதைப் பார்த்து, போட்டாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு வைரஸ், வேறு ஊசி.

ஒரு வயது நிறைந்ததும் போடலாம். முதல் ஊசி, பயணத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு. நீண்டகாலப் பாதுகாப்புக்காக இரண்டாவது, ஆறு மாதம் கழித்து. நாள் நெருங்கிவிட்டாலும் விட்டுவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பன்றி ஜெலட்டின் பற்றிய தயக்கம் இங்கே வேண்டாம். ஐரோப்பாவில் வழக்கமாகப் போடப்படும் ஹெபடைடிஸ் ஏ ஊசிகளில் அது சேர்வதில்லை.

“காமாலைக்குத்தான் கீழாநெல்லி இருக்கிறதே” என்பவர்களும் உண்டு. இந்தக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகும். தானாக இறங்காத அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரியாது. கண் மஞ்சளித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்து இன்று பெற்றோராகிவிட்டவர்களும் தங்களுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறதா என்பதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.