வீட்டை விட்டுப் போகாதவர்கள்: ஆங்கிலச் சிட்காம்களில் பேய் குடிபுகுந்த வரலாறு

முன்னுரை

பேய்க்கதை கேட்பவரைத் தனியாளாக்கும். நகைச்சுவை எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைக்கும். இரண்டும் ஒட்டாதவை என்றே தோன்றும். ஆயினும் சிட்காம் எனப்படும் சூழல் நகைச்சுவைத் தொடர் தொலைக்காட்சியில் வேர்விட்ட முதல் பத்தாண்டுகளுக்குள்ளேயே பேய் அதற்குள் குடிவந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அது வெளியேறவில்லை. அமெரிக்க, பிரித்தானியத் தொடர்கள் சிலவற்றை முன்வைத்து அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிட்காமின் இலக்கணம் எளியது. அதே வீடு, அதே மனிதர்கள். அரை மணி நேரத்தில் எந்தக் குழப்பம் வந்தாலும் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்கும். யாரும் மாறுவதில்லை, யாரும் வெளியேறுவதில்லை. பேயின் இலக்கணமும் இதுவே. இறந்த இடத்தைவிட்டு நகர முடியாது. வயதும் குணமும் இறந்த நாளில் நின்றுவிட்டவை. ஆகவே பேய் சிட்காமுக்கு வெளியிலிருந்து வந்த அந்நியம் அல்ல, அதற்கு மிகப் பொருத்தமான குடித்தனக்காரர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இந்தப் பொருத்தத்தைத் தொடர்கள் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

1. ஒருவர் கண்ணுக்கு மட்டும்

தார்ன் ஸ்மித் 1926-இல் எழுதிய ‘டாப்பர்’ நாவல் 1937-இல் திரைப்படமாயிற்று. 1953-இல் சிபிஎஸ் அதைத் தொடராக்கி, 1955 வரை 78 எபிசோடுகள் ஒளிபரப்பியது. காஸ்மோ டாப்பர் ஒரு வங்கியாளர், ஒழுங்கு தவறாதவர். அவர் குடிவந்த வீட்டின் பழைய உரிமையாளர்களான ஜார்ஜ், மரியன் தம்பதி பனிச்சரிவில் இறந்தவர்கள். அவர்களும், உடன் இறந்த நீல் என்ற செயின்ட் பெர்னார்ட் நாயும் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிவார்கள்.

இங்கே சிரிப்பு பேயிடம் இல்லை, அருகில் நிற்பவர் பார்வையில் இருக்கிறது. வெற்று நாற்காலியைப் பார்த்து ஒரு கண்ணியமான மனிதர் கோபிக்கிறார், மனைவி திகைக்கிறார். ‘யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது’ என்ற இந்த ஒற்றை விதி இவ்வகைத் தொடர்களின் அடித்தளமாக நிலைத்தது. பின்னாளில் இசைநாடக மேதையாகப் புகழ்பெற்ற ஸ்டீபன் சோன்ட்ஹைம் இளம் வயதில் இதன் சில எபிசோடுகளை எழுதியவர்.

2. 1964: எட்டு நாளில் மூன்று வீடுகள்

1964 செப்டம்பர் 17-இல் ‘பிவிச்ட்’, 18-இல் ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’, 24-இல் ‘தி மன்ஸ்டர்ஸ்’ என எட்டு நாள்களுக்குள் மூன்று தொடர்கள் தொடங்கின. பேயின் இடத்தில் இப்போது அதன் உறவினர்களான மந்திரக்காரியும் விசித்திரக் குடும்பங்களும் குடியேறின. பின்னிரண்டும் தலைகீழாக்கும் உத்தியைக் கையாண்டன: விசித்திரமான குடும்பம் தன்னை இயல்பானது என்று நம்புகிறது, வெளியுலகம்தான் அதற்கு விநோதம். சார்லஸ் ஆடம்ஸ் ‘நியூயார்க்கர்’ இதழில் 1938 முதல் வரைந்துவந்த கார்ட்டூன்களே ஆடம்ஸ் குடும்பத்தின் மூலம். இரு தொடர்களும் 1966-இல் முடிந்தன.

எட்டுப் பருவங்கள், 254 எபிசோடுகள் என 1972 வரை நீடித்தது ‘பிவிச்ட்’. மந்திரக்காரி சமந்தா சாதாரண மனிதனான டாரினை மணக்கிறாள். மந்திரம் கூடாது என்பது அவன் வேண்டுகோள். எதிர்வீட்டு கிளாடிஸ் கிராவிட்ஸ் நடப்பதையெல்லாம் கண்ணால் பார்க்கிறாள், கணவரோ நம்பமாட்டார். டாப்பரில் ஒருவரின் சங்கடமாக இருந்த ரகசியம் இங்கே ஒரு தெருவின் விவகாரமாக விரிந்தது. உலகையே அசைக்கும் ஆற்றலை ஒளித்துவைத்துவிட்டு அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கதை அது. அமெரிக்க இல்லத்தரசிகளின் மனக்குமுறலைப் பேசிய பெட்டி ஃப்ரீடனின் நூல் வந்த மறுவருடம் இத்தொடர் வந்ததையும் சேர்த்து நினைத்தால், அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த வலி புலப்படும்.

படப்பிடிப்பு முறையும் எளிமையானது. கேமராவை நிறுத்துவார்கள், நடிகர்கள் அசையாமல் நிற்பார்கள், சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கோமரி விலகிப்போவார் அல்லது பொருள்களை மாற்றிவைப்பார்கள், பிறகு ஓடவிடுவார்கள். 1970 டிசம்பர் 24-இல் ஒளிபரப்பான, நிறவெறியைக் கண்டிக்கும் எபிசோடின் கதை லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளியொன்றின் கறுப்பின மாணவர்கள் எழுதியது. நேரடியாகப் பேசத் தயங்கிய ஒன்றைப் பேச மந்திரம் வழிவிட்டது.

எந்த மந்திரமும் எபிசோடு முடிவில் கலைந்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. 1965-இல் தொடங்கிய ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’ இதற்கு எதிர்மறைச் சான்று. விண்வெளி வீரர் டோனியும் பூதப்பெண் ஜீனியும் ஐந்தாம் பருவத்தில் மணந்துகொண்டனர். 1970-இல் முடிந்த அப்பருவமே கடைசிப் பருவமுமாயிற்று. மாறாதிருக்க வேண்டியது மாறியபின் கதைக்கு நிற்க இடமில்லை.

3. 2019: பேய்களே பெரும்பான்மை

பிபிசியின் சிறுவர் தொடரான ‘ரென்ட்டாகோஸ்ட்’ (1976–1984) பேய்களைக் கூலிவேலைக்கு அனுப்பி, அவற்றை மைய மாந்தராக்கியது. இப்போக்கு முழு வளர்ச்சி அடைந்தது 2019 ஏப்ரலில் பிபிசி ஒன் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்’ தொடரில். ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ தொடரில் சேர்ந்து நடித்த ஆறு நடிகர்களே இதை உருவாக்கினர்.

பட்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகை அலிசனுக்கு உரிமையாகிறது. ஜன்னலிலிருந்து விழுந்து பிழைத்தபின் அங்குள்ள பேய்கள் அவளுக்குத் தெரிகின்றன. கணவன் மைக்குக்குத் தெரியாது. டாப்பரின் விதி மாறவில்லை, விகிதம் மாறிவிட்டது. குகை மனிதன் முதல் கால்சட்டையின்றி இறந்த எம்.பி. வரை பல நூற்றாண்டுகள் ஒரே கூடத்தில் அமர்ந்து, டிவியில் எதைப் பார்ப்பது என்று சண்டையிடுகின்றன. அந்த எம்.பி.யின் பேய் பெருமுயற்சி செய்து விரலால் ஒரு பொருளைச் சற்றே நகர்த்தும், ஆற்றல் அவ்வளவுதான். மந்திரம் போய்விட்டதால் சிரிப்பு முழுக்கக் குணத்திலிருந்தே பிறக்கிறது. தேங்கிய வாழ்வு இங்கே எழுத்தாளரின் வசதிக்காக அல்ல. அதுவே கதைமாந்தரின் விதி. சிட்காமின் இலக்கணமும் பேயின் இலக்கணமும் ஒன்றாகிய இடம் இது.

அமெரிக்க சிபிஎஸ் 2021-இல் இதைத் தழுவித் தன் வடிவத்தைத் தொடங்கியது. ஸ்டேட்டன் தீவில் ஒரே வீட்டில் வசிக்கும் ரத்தக்காட்டேரிகளை ஆவணப்பட பாணியில் காட்டிய ‘வாட் வி டூ இன் தி ஷாடோஸ்’ (2019–2024) தொடரும் இதே தேக்கத்தையே மையமாகக் கொண்டது. நூற்றாண்டுகள் வாழ்ந்தும் வீட்டுவேலையை யார் செய்வது என்பது அங்கே தீரவில்லை.

முடிவுரை

தொடக்கத்தில் பேய் மறைக்கவேண்டிய ரகசியம். 1964-இல் அது சமாளிக்கவேண்டிய குடும்பம். 2019-இல் உடன்வாழும் சுற்றம். இந்தப் பாதையில் சிட்காம் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த ஒன்று உள்ளே வந்தது: துக்கம். ‘கோஸ்ட்ஸ்’ நான்காம் பருவத்தில், சூனியக்காரியென்று எரிக்கப்பட்ட மேரியின் பேய் ஒருநாள் திடீரென மறைந்துபோகிறது. எஞ்சிய பேய்கள், தாமே இறந்தவர்கள், இழவு காக்கின்றன. 2023 கிறிஸ்துமஸ் நிறைவு எபிசோடில் உயிருள்ள தம்பதிதான் வீட்டைவிட்டுப் போகிறது, பேய்கள் தங்கிவிடுகின்றன.

பேயோடு பழகினாலும் பிரிவது கடினம் என்ற பொருள்பட நம்மிடம் ஒரு பழஞ்சொல் உண்டு. வாரந்தோறும் அதே கூடத்தில் அதே முகங்களைப் பார்த்துப் பழகிய பார்வையாளருக்கு இத்தொடர்கள் உணர்த்துவதும் அதுவே. பிரிவில்லாத வீடு ஒன்று வேண்டும் என்ற ஆசையிலிருந்தே சிட்காம் பிறந்தது. அந்த ஆசையின் விலையை அதற்குச் சொல்லிக்கொடுத்தது பேய்.