பொடி எழுத்தும் கையொப்பமும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வயதைக் கழித்தவர். ஓய்வுபெற்றபின் மகளோடு பட்டணத்துக்குக் குடிவந்தவர். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்ததுதான் அவருடைய படிப்பு. பேத்தி ஆசைப்பட்டாள் என்பதற்காகப் பேரங்காடி ஒன்றிலே இரண்டாண்டுச் சந்தாத் திட்டத்தில் ஒரு கைத்தொலைபேசியை வாங்கிக் கொடுத்திருந்தார். பத்து மாதம் கழித்துக் குடும்பம் வேறு வட்டாரத்துக்கு வீடு மாறியது. அங்கே அந்த நிறுவனத்தின் அலைவரிசை சரியாகக் கிடைக்கவில்லை. சந்தாவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள், கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்காக அவர் கட்டவேண்டும் என்று அதிலே குறித்திருந்த தொகை, மகளின் ஒரு மாத வீட்டு வாடகையைக் காட்டிலும் பெரிது.

"கையெழுத்துப் போட்டுட்டேனே, சார். கட்டித்தானே ஆகணும்?" என்றார்.

"படிவத்தைக் கடையிலே யாராவது உங்களுக்குப் படித்துச் சொன்னார்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"யாரு படிச்சுச் சொன்னா? இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு அந்தப் பையன் விரலை வெச்சுக் காட்டினான். போட்டேன்."

கையெழுத்திட்டவன் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. நம் முன்னோர்களில் பலர் இந்த மண்ணுக்கு வந்ததே ஒரு கைந்நாட்டின் பேரில்தான். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தாங்கள் படிக்கமுடியாத தாளில் பெருவிரலை ஒற்றினார்கள். அந்தத் தாளுக்கு மாறாக வேலையை விட்டுப் போனால், அது வெறும் கடன் பாக்கியாக முடியவில்லை. தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்பட்டது. 1910ஆம் ஆண்டிலேதான் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். முறை போய்விட்டது, தாளைக் கண்டால் வருகிற அச்சம் மட்டும் எளிதில் போய்விடவில்லை.

ஆனால் சட்டத்தின் கதை இவ்வளவு நேரானதன்று. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் வேர்கள் இங்கிலாந்தில் இருப்பதால், அங்கே போய்த்தான் தொடங்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்குப் பத்திரத்தைத் தவறாகப் படித்துக் காட்டி ஒப்பம் வாங்கினால், அந்தப் பத்திரம் அவனைக் கட்டாது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுத்தறியாதவனுக்கு அன்றே ஒரு புகலிடம் இருந்தது. சிக்கல் எழுந்தது எழுத்தறிந்தவனுக்கு, அதுவும் இரயில் வண்டிக் காலத்திலே.

இலண்டனில் சேரிங் கிராஸ் என்றொரு இரயில் நிலையம். பயணி ஒருவர் இரண்டு பென்ஸ் கட்டணம் செலுத்தித் தம் பையை அங்கே பொருட்காப்பு அறையில் வைத்தார். ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பின்பக்கம் பார்க்கவும் என்று அதன் முன்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. பின்பக்கத்திலோ, பத்துப் பவுனுக்கு மேற்பட்ட பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்ற நிபந்தனை. பை காணாமற்போயிற்று. அதன் மதிப்பு 24 பவுன் 10 ஷில்லிங். சீட்டை வாங்கிய எவரும் அதைத் திருப்பிப் பார்த்திருக்கவேண்டும் என்றது இரயில்வே நிறுவனம். அது வெறும் இரசீது என்று எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் என்றார் பயணி. 1877ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன விடை, பயணி படித்தாரா என்பதைப் பற்றியதன்று. பயணிகள் கண்டுகொள்ளும்படி அந்த நிபந்தனையைத் தெரிவிக்க நிறுவனம் போதிய முயற்சி எடுத்ததா என்பதே கேள்வி என்று கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். படிக்கவேண்டிய கடமை வாங்குபவருக்கு உண்டென்றால், படிக்கும்படி காட்டவேண்டிய கடமை விற்பவருக்கும் உண்டு. இன்றைய கைத்தொலைபேசித் தகராறுகள் அத்தனைக்கும் மூல வித்து அங்கேதான் கிடக்கிறது.

அந்த நீதி சீட்டுக்கு மட்டுமே. கையெழுத்துக்கு வேறு நீதி என்பதை 1934ஆம் ஆண்டு வழக்கொன்று உறுதிப்படுத்தியது. வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ நகரில் சிற்றுண்டிச் சாலை நடத்திய ஒரு பெண்மணி, சிகரெட் விற்கும் தானியங்கிப் பொறி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். பழுப்புத் தாளில் அச்சிட்ட படிவத்தில் ஒப்பமிட்டார். சில நாட்களிலேயே பொறி ஓடாமல் நின்றுவிட்டது. பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். படிவத்தின் பொடி எழுத்திலோ, பொறியின் தரம் பற்றிய எந்த உத்தரவாதமும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. கீழ்நீதிமன்றத்தில் வென்ற அவர் மேல்நீதிமன்றத்தில் தோற்றார். ஏமாற்றோ பொய்யுரையோ இல்லாதபோது, ஒப்பமிட்டவர் படித்தாரா இல்லையா என்பதைப்பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை என்றார்கள். அவ்வாறு தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளுள் ஒருவர், இந்த முடிவுக்கு வரவேண்டியிருப்பதை எண்ணி வருந்துவதாகவும் குறிப்பிட்டார். வருத்தத்தால் அந்தப் பெண்மணிக்குப் பணம் திரும்பிவிடவில்லை.

அந்த வழக்கிலே பொறி விற்ற நிறுவனத்துக்காக வாதாடி வென்ற வழக்கறிஞர் யார் தெரியுமா? 35 வயதான ஆல்ஃபிரட் டென்னிங். பிற்காலத்தில் டென்னிங் பிரபு என்று உலகப் புகழ்பெற்ற நீதிபதி அவர்தாம். நீதிபதி இருக்கையில் அமர்ந்தபின், தாம் வென்று கொடுத்த அதே பொடி எழுத்தோடு அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1956ஆம் ஆண்டில் ஒரு கிடங்கு வழக்கில், சில நிபந்தனைகள் அவ்வளவு கடுமையானவை. அவற்றைச் சிவப்பு மையில் அச்சிட்டு, சுட்டிக்காட்டும் ஒரு சிவப்புக் கையையும் வரைந்து வைத்தால்தான் போதிய அறிவிப்பாகும் என்ற கருத்தை வெளியிட்டார். 1970 டிசம்பரில் வந்தது கார் நிறுத்துமிட வழக்கு. இலண்டனில் எக்காளம் வாசிக்கும் இசைக்கலைஞர் ஒருவர் காரை நிறுத்தப் போனார். தானியங்கிப் பொறி ஒரு சீட்டை நீட்டியது. திரும்பி வந்தபோது விபத்தில் அடிபட்டார். வாடிக்கையாளருக்கு நேரும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று உள்ளே தூணில் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம்! டென்னிங் கேட்டார்: பொறியோடு யார் பேரம் பேசமுடியும்? அதைத் திட்டினாலும் அது அசையாதே! பொறி சீட்டை நீட்டும் முன்னரே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதற்குப்பின் காட்டும் நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

எதிர்வழக்கு வாதாடியவர் மனம் மாறிவிட்டார் என்று சிலர் ஏளனம் செய்யக்கூடும். பொடி எழுத்து என்ன செய்யும் என்பதை அதன் உள்ளிருந்து பார்த்தவர் அவர் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1977ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1993ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியே அது சிங்கப்பூரிலும் செல்லுபடியாயிற்று.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு 'ஆத்தூர் 450' என்ற பெயரில் அந்தச் சேவை தொடங்கியபோது, அது காரில் ஏற்றிச் செல்லும் கனத்த பெட்டி. செல்வந்தர் வீட்டுப் பொருள். அதை எளியவர் கைக்கும் கொண்டுவந்தவற்றுள் ஒன்று சந்தாத் திட்டம். எடுத்துக்காட்டாக, இரண்டாயிரம் வெள்ளி விலையுள்ள கருவியை இருநூறு வெள்ளிக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஆயிரத்து எண்ணூறும் தானமன்று. மாதந்தோறும் கட்டும் கட்டணத்துக்குள்ளே அதை மறைத்து, இருபத்து நான்கு மாதத்தில் வசூலிக்கிறார்கள். பத்தாம் மாதத்தில் ஒருவர் விலகினால் நிறுவனத்துக்கு இழப்பு உண்டு. ஆகவே விலகுவதற்குக் கட்டணம் கேட்பதே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு கேட்கலாம் என்பதில்தான் தகராறு. அமெரிக்காவில் வெரிசான் நிறுவனம் 2009 நவம்பரில் திறன்பேசிகளுக்கான விலகல் கட்டணத்தை இருமடங்காக்கி 350 டாலர் என்று வைத்தது. ஒப்பந்த மாதம் ஒன்று கழியக் கழியப் பத்து டாலர் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபத்து மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியவர், ஒரே ஒரு மாதம் மீதியிருக்கையில் விலகினாலும் 120 டாலர் கட்டவேண்டும். இந்தக் கணக்குக்கு அந்நாட்டுத் தொடர்புத்துறை ஆணையமும் விளக்கம் கேட்டது.

அதே நாட்டில் நடந்த இன்னொரு வழக்கு, நிபந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டும். கலிபோர்னியாவில் ஒரு தம்பதி, கைத்தொலைபேசி இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினார்கள். விற்பனை வரியென்று 30 டாலர் 22 காசு பிடித்தார்கள். இலவசம் என்றீர்களே என்று, தம்மைப் போன்ற மற்றவர்களையும் சேர்த்து வழக்காடினார்கள். ஒப்பந்தத்திலோ, தகராறு எழுந்தால் நடுவரிடம் தனித்தனியாகத்தான் வரவேண்டும், கூட்டாக வரக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 2011 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முப்பது டாலருக்காகத் தனியொருவர் படியேறுவாரா என்ற கேள்வி மாறுபட்ட தீர்ப்பில் எழுந்தது. கையொப்பம் இங்கே பணத்தை மட்டும் கட்டவில்லை. முறையிடும் வழியையும் கட்டிவிட்டது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுந்த 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தண்டத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகையைத் தாண்டாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. எழுதியது அப்படியே கிடைக்கும் என்று சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. நிபந்தனை பொடி எழுத்தில் இருந்ததா, படிக்கவோ புரிந்துகொள்ளவோ கடினமாக இருந்ததா என்பதையும் அங்கே எடைபோடலாம். டென்னிங்கின் சிவப்புக் கை கோலாலம்பூருக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று! பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இன்றித் தாமே பேசலாம். சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டிலேயே சிறு கோரிக்கை மன்றங்கள் ஏற்பட்டுவிட்டன.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொல்லிவிட்டு அவருடைய படிவத்தை விரித்தோம். மூன்று பக்கம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரு சிறு கட்டம்: எனக்குப் புரியும் மொழியில் நிபந்தனைகள் விளக்கப்பட்டன என்று. அதிலே சரி என்ற குறி இருந்தது. குறியிட்ட மை வேறு, கையெழுத்தின் மை வேறு.

நாம் மட்டும் யோக்கியமோ என்று நேயர்கள் கேட்கலாம். அன்றிரவு நம் மேசை அறையைத் துழாவி நம்முடைய சொந்தச் சந்தாப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். மூன்று மொழி படித்த நாம், அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல்தான் ஒப்பமிட்டிருந்தோம். பெரியவர் சொல்லக்கூடிய காரணம் நமக்கில்லை. படிக்கத் தெரிந்தும் படிக்காதவருக்காகச் சட்டம் எவ்வளவு தூரம் இரங்கவேண்டும் என்பதில் நமக்கு இன்னும் ஐயந்தான்.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றோம். பெரியவருக்கோ தயக்கம். "போனை வாங்கினது நெசந்தானே, சார்? பேத்தி பேசினதும் நெசந்தானே? கட்டமாட்டேன்னு எழுதாதீங்க" என்றார். அதையே கடிதத்தில் வைத்தோம். பேசிய மாதங்களுக்குப் பாக்கியில்லை. கருவியின் விலையில் மீதி எவ்வளவு என்று கணக்குக் காட்டினால் கட்டுகிறேன். அதற்கு மேல் கேட்கும் தண்டத்தை ஒப்பவில்லை. படிவத்தின் கட்டத்தில் உள்ள குறி என்னுடையதன்று. தீர்வு இல்லையேல் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று எழுதி, நகல் ஒன்றையும் வைத்துக்கொண்டோம். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கருவியின் மீதி விலையை மட்டும் கட்டினால் போதுமாம். முன்பு கேட்டதில் அது பாதியும் இல்லை.

பெரியவரோடு நாமும் போனோம். பணத்தை எண்ணி வைத்தார். கணக்கு முடிந்தது என்பதற்கான தாளை முகப்பில் இருந்த பெண் நீட்டி, "இங்கே ஒரு சைன், அங்கிள்" என்றாள். பேனாவை வாங்காமல், "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். தமிழ்ப் பெண்தான், முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துச் சொல்லத் தொடங்கினாள். வரிசையில் நமக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.