ஓடுபாதையும் நகர்மன்றமும்: அமெரிக்க நிறுவன விமானப் போக்குவரத்து வட்டார அமைப்புகளின் அரசியல் வரலாறு (1947–2018)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தொழில் நிறுவனங்கள் தம் பணிகளுக்கென இயக்கும் விமானங்களின் உரிமையாளர்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பின் தேசிய அளவிலும் வட்டார அளவிலும் அமைப்புகளாகத் திரண்டனர். இவ்வமைப்புகள் கூட்டாட்சிச் சட்டங்களின் துணையோடு பல வழக்குகளை வென்றன. ஆயினும் விமான நிலையம் அமைந்த நிலம் பெரும்பாலும் நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரியது. இம்முரண் வட்டார அமைப்புகளின் வெற்றி தோல்விகளை எவ்வாறு தீர்மானித்தது என்பதைச் சாண்டா மோனிகா, நேப்பிள்ஸ், சிகாகோ ஆகிய ஊர்களின் நிகழ்வுகள் வழியாகவும், 2007 முதல் 2018 வரை நடைபெற்ற தேசிய விவாதங்கள் வழியாகவும் இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பினர் வட்டத்துக்கு வெளியே ஆதரவு திரட்டியபோது இவ்வமைப்புகள் நிலைத்த பயன் பெற்றன என்பதும், நீதிமன்றத்தை மட்டும் நம்பியபோது காலநீட்டிப்பையே பெற்றன என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிறுவன விமானப் போக்குவரத்து, வட்டார அமைப்புகள், உள்ளாட்சி அதிகாரம், விமான இரைச்சல், அரசியல் ஆதரவு திரட்டல்.

1. முன்னுரை

பயணச்சீட்டு விற்று, கால அட்டவணைப்படி இயங்கும் விமானச் சேவைகளே விமானப் போக்குவரத்து வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. அவற்றின் அருகே, ஒரு நிறுவனம் தன் அலுவலர்களையும் பொருள்களையும் கொண்டு செல்லத் தானே விமானம் வைத்திருக்கும் வழக்கமும் வளர்ந்து வந்துள்ளது. இக்கட்டுரை அதனை ‘நிறுவன விமானப் போக்குவரத்து’ எனக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் அட்டவணைச் சேவைகள் ஏறத்தாழ 500 விமான நிலையங்களுக்கே செல்கின்றன. பொதுப் பயன்பாட்டுக்குரிய விமான நிலையங்களோ ஏறத்தாழ 5,000 உள்ளன. நிறுவன விமானங்கள் இச்சிறு நிலையங்களையே பெரிதும் சார்ந்துள்ளன. எனவே ஒரு சிறிய ஊரின் நகர்மன்றத் தீர்மானம் இத்துறையின் அன்றாட இயக்கத்தைத் தொடவல்லது.

பொதுச்சொத்தான விமான நிலையம் யாருக்காக நடத்தப்பட வேண்டும்? அதனைப் பயன்படுத்துவோர் சிலர். அதன் இரைச்சலையும் புகையையும் ஏற்போர் பலர். வட்டார அமைப்புகளின் வரலாறு இவ்வினாவிலிருந்து பிரிக்க இயலாதது.

2. தேசிய அமைப்பும் வட்டார அமைப்புகளும்

போர் முடிந்தபின் டக்ளஸ் டிசி-3, பீச்கிராஃப்ட் 18, லாக்ஹீட் லோட்ஸ்டார் போன்ற உபரி விமானங்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றை வாங்கிய நிறுவனங்கள் 1947இல் ‘நிறுவன விமான உரிமையாளர் சங்கம்’ என்னும் அமைப்பை உருவாக்கின. இது 1953இல் தேசிய வணிக விமானச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1997இல் பெயரிலிருந்த ‘விமானம்’ என்ற சொல் ‘விமானப் போக்குவரத்து’ என விரிந்தது. அமைப்பின் கவனம் பொறியிலிருந்து துறை முழுமைக்கும் விரிந்ததை இம்மாற்றம் உணர்த்துகிறது.

வாஷிங்டனில் இயங்கிய தேசியச் சங்கத்தால் ஒவ்வொரு நகர்மன்றக் கூட்டத்துக்கும் செல்ல இயலாது. இவ்விடைவெளியை வட்டார அமைப்புகள் நிரப்பின. நியூ ஜெர்சி மாநிலத்தின் டீட்டர்பரோ விமான நிலையப் பயனர் குழு, மினசோட்டா வணிக விமானப் போக்குவரத்துச் சங்கம், பெருவாஷிங்டன் வணிக விமானப் போக்குவரத்துச் சங்கம் முதலியன இவ்வகையின. இவற்றில் விமானிகள், பராமரிப்புப் பொறியாளர்கள், எரிபொருள் விற்போர், விமான நிலைய மேலாளர்கள் ஆகியோர் ஒருங்கே இடம்பெறுகின்றனர். பாதுகாப்புப் பயிற்சி, பணியாளர் தேர்வு, உள்ளூர்ப் பறப்பு நடைமுறை ஆகியவை பற்றிய கூட்டங்களே இவற்றின் வழக்கமான பணி. அக்கூட்டங்களில் உருவாகும் அறிமுகமே நெருக்கடிக் காலத்தில் அரசியல் வலிமையாக மாறுகிறது.

3. கூட்டாட்சிச் சட்டம் என்னும் கேடயம்

வட்டார அமைப்புகள் மூன்று சட்ட அரண்களை நம்பின. முதலாவது, வான்வெளியின் மீது கூட்டாட்சிக்குள்ள முதன்மை அதிகாரம். பர்பேங்க் நகரம் விதித்த இரவுநேரப் பறப்புத் தடையை உச்சநீதிமன்றம் 1973இல் செல்லாது என அறிவித்தது. ஆனால் பர்பேங்க் நகரம் அந்நிலையத்தின் உரிமையாளர் அன்று. நிலையத்தின் உரிமையாளராகவே ஒரு நகராட்சி இருப்பின் அதன் அதிகாரம் எத்தகையது என்னும் வினாவை நீதிமன்றம் திறந்தே விட்டது. பின்வந்த வழக்குகள் பலவும் இவ்விடைவெளியிலிருந்தே பிறந்தன.

இரண்டாவது, நிதியுதவியோடு வரும் நிபந்தனைகள். கூட்டாட்சி நிதியைப் பெற்ற நிலையம், பொதுவாக 20 ஆண்டுகள் எல்லா வகை விமானங்களுக்கும் பாகுபாடின்றித் திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, 1990ஆம் ஆண்டின் விமான நிலைய இரைச்சல் மற்றும் கொள்ளளவுச் சட்டம். புதிய இரைச்சல் கட்டுப்பாடு விதிக்க விரும்பும் நிலையம் பின்பற்ற வேண்டிய நீண்ட நடைமுறையை இச்சட்டம் வகுத்தது.

இச்சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. இரைச்சல் மிகுந்த பழைய பெரிய ஜெட் விமானங்கள் 1999 இறுதிக்குள் நீக்கப்பட வேண்டும் எனச் சட்டம் கூறிற்று. 75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 34,000 கிலோ எடைக்கு உட்பட்ட ஜெட் விமானங்களுக்கு அவ்விதி பொருந்தவில்லை. நிறுவன ஜெட் விமானங்களில் பெரும்பாலானவை இவ்வெடைக்குள் அடங்குபவை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2015 இறுதியில்தான் இவ்விலக்கு முடிவுக்கு வந்தது. பெரிய நிலையங்களின் அண்டை வீட்டார் பெற்ற அமைதியைச் சிறு நிலையங்களின் அண்டை வீட்டார் பெற மேலும் 16 ஆண்டுகள் ஆயின. துறைக்குச் செலவை மிச்சப்படுத்திய விலக்கு, வட்டார அமைப்புகளுக்கு உள்ளூர்ப் பகையைத் தேடித் தந்தது.

புளோரிடாவின் நேப்பிள்ஸ் நிகழ்வு இதற்குச் சான்று. அவ்வூர் விமான நிலைய ஆணையம் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய நடைமுறையைப் பின்பற்றியே அத்தகைய பழைய ஜெட் விமானங்களைத் தடை செய்தது. தேசியச் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2001இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் நிதியை நிறுத்த முற்பட்டபோதும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆணையமே வென்றது. துறையின் கேடயமாகக் கருதப்பட்ட சட்டத்தைப் பொறுமையுள்ள உள்ளாட்சி அமைப்பும் தன் கருவியாக்கிக்கொள்ள இயலும் என்பதை இத்தீர்ப்புகள் காட்டின.

4. சாண்டா மோனிகா: வெற்றிகளின் வழியே தோல்வி

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையம் டக்ளஸ் நிறுவனத்தின் தொழிற்களமாக இருந்தது. 1924இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட அமெரிக்கப் படை விமானங்கள் இங்கிருந்தே கிளம்பின. போர்க்காலத்தில் கூட்டாட்சி அரசு குத்தகைக்கு எடுத்திருந்த இந்நிலம், 1948இல் நிபந்தனைகளோடு நகரத்துக்குத் திரும்பியது. தொழிற்சாலை மறைந்தபின் ஓடுபாதையும், அதன் இரு முனைகளையும் நெருங்கிய குடியிருப்புகளுமே எஞ்சின.

நகரம் 1970களில் ஜெட் விமானங்களை முற்றிலும் தடை செய்தது. உள்ளூர்ப் பயனர்களின் அமைப்பான சாண்டா மோனிகா விமான நிலையச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1979இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஜெட் தடையை நீக்கியது. அதே தீர்ப்பு இரவுநேரக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் வரம்பையும் ஏற்றது. வட்டார அமைப்பு ஒன்று பெற்ற முதன்மையான வெற்றியாக இது கருதத்தக்கது. ஆனால் பாகுபாடற்ற கட்டுப்பாடு நீதிமன்றத்தில் நிற்கும் என்ற பாடத்தையும் நகரம் அதிலிருந்தே கற்றது.

1981இல் நிலையத்தை மூட நகர்மன்றம் விருப்பம் தெரிவித்தது. 1984இல் கூட்டாட்சி நிர்வாகத்தோடு ஏற்பட்ட உடன்படிக்கை 2015 வரை நிலையத்தை இயக்க நகரத்தைக் கட்டுப்படுத்தியது. 2008இல் வேகமிக்க ஜெட் வகைகளை விலக்கும் சட்டத்தை நகரம் இயற்றிற்று. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இதுவரை சட்டக் களத்தில் துறையே முன்னின்றது.

2014 நவம்பரில் களம் மாறியது. நிலையத்தை மூடுவதற்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்னும் முன்மொழிவை விமானத் துறையினர் பொதுவாக்கெடுப்புக்குக் கொணர்ந்தனர். எதிராக நகர்மன்றம் வைத்த முன்மொழிவு, நிலையத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை மன்றத்திடமே விட்டு, அந்நிலத்தில் பூங்கா முதலியவை தவிர்த்த புதிய கட்டுமானங்களுக்கே வாக்காளர் ஒப்புதலைக் கோரியது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நகர்மன்ற முன்மொழிவை ஆதரித்தனர். 2017 சனவரியில் நகரமும் கூட்டாட்சி நிர்வாகமும் உடன்பட்டன: 4,973 அடி ஓடுபாதை 3,500 அடியாகக் குறைக்கப்படும், 2028 திசம்பர் 31க்குப் பின் நகரம் நிலையத்தை மூடலாம். பேச்சுவார்த்தையில் பயனர்களுக்கு இடமில்லை. துறை பல ஆண்டுகளாகத் தன் காவலனாகக் கருதிய கூட்டாட்சி நிர்வாகமே கையொப்பமிட்டதால், சட்ட அரணின் மையமே தளர்ந்தது.

5. சிகாகோவின் மெய்க்ஸ் நிலையம்

சிகாகோவின் மெய்க்ஸ் நிலையம் 1948இல் ஏரிக்கரையில், நகர மையத்தை ஒட்டித் திறக்கப்பட்டது. நிதியுதவி நிபந்தனைகளின் காலம் முடிந்த 1996இல் மேயர் ரிச்சர்ட் டேலி அதனை மூடிப் பூங்காவாக்க முனைந்தார். மாநில அரசு தலையிட்டதால் 1997இல் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ‘மெய்க்ஸ் நண்பர்கள்’ என்னும் அமைப்பு நிலையத்தைக் காக்கப் பாடுபட்டது. 2001இல் மேயரும் மாநில ஆளுநரும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு, ஓஹேர் நிலைய விரிவாக்கத்தோடு மெய்க்ஸின் எதிர்காலத்தையும் இணைத்தது. அதற்கு உறுதியளிக்கவிருந்த கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறவில்லை.

2003 மார்ச்சு 30ஆம் நாள் நள்ளிரவில் நகரத்தின் இயந்திரங்கள் ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டின. 16 விமானங்கள் அங்கேயே சிக்கின. பின்னர் பக்கத்து இணைப்புப் பாதையிலிருந்து புறப்பட்டன. 2006இல் நகரம் 33,000 டாலர் அபராதம் செலுத்தியது. நிலைய வளர்ச்சி நிதியிலிருந்து எடுத்த 10 இலட்சம் டாலரைத் திருப்பியளிக்கவும் ஒப்பியது. இதற்கிடையே 2003 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், முன்னறிவிப்பின்றி நிலையத்தை மூடுவோர்க்கான அபராதத்தை நாளொன்றுக்கு 1,100 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தியது. மெய்க்ஸின் பெயரால் வழங்கும் இவ்விதி பிற நிலையங்களுக்குப் பயன்பட்டது, மெய்க்ஸ் மீளவில்லை.

மெய்க்ஸின் ஆதரவாளர்கள் செயலற்றிருக்கவில்லை. மாநிலத் தலைநகரிலும் வாஷிங்டனிலும் அவர்கள் ஆதரவு திரட்டினர். நிலத்தின் உரிமை இருந்த நகர மன்றத்திலோ மேயரின் கருத்தை எதிர்க்கும் வலுவான குரல் அவர்களுக்குக் கிட்டவில்லை.

6. விரிந்த வட்டம்: வரியும் வான்வழிக் கட்டுப்பாடும்

மாநில வரிச்சட்டங்களில் வட்டார அமைப்புகளின் வாதம் வேறு வகையில் அமைந்தது. விமானம் வரி குறைந்த மாநிலத்துக்கு எளிதில் இடம் மாறும். அதனோடு பராமரிப்புத் தொழிலாளரின் வேலையும் செல்லும். இதனை முன்வைத்து விற்பனை வரிவிலக்கு கோரப்பட்டது. மாசசூசெட்ஸ் 2002இலும் நியூயார்க் 2015இலும் அவ்விலக்கை வழங்கின. இங்கு உரிமையாளரின் வசதிக்கு மாறாகத் தொழிலாளரின் வாழ்வாதாரம் வாதத்தின் மையமாயிற்று. அரசின் வருவாய் இழப்புக்கு ஈடாக எவ்வளவு வேலை நிலைத்தது என்பது தொடர்ந்து ஆராயத்தக்கது.

தேசிய அளவில் 2008 நவம்பர் ஒரு திருப்பம். அரசின் கடனுதவி கேட்டு வாஷிங்டன் வந்த மூன்று மோட்டார் வாகன நிறுவனத் தலைவர்களும் நிறுவன ஜெட் விமானங்களில் வந்தது மக்களின் சினத்தைத் தூண்டியது. 2009இல் தேசியச் சங்கமும் விமான உற்பத்தியாளர் சங்கமும் இணைந்து, விமானத்தால் விளையும் தொழில் பயனை வலியுறுத்தும் பரப்புரையை மீண்டும் தொடங்கின. அதே ஆண்டு காங்கிரசின் கீழவையில் இரு கட்சியினரும் இடம்பெற்ற பொது விமானப் போக்குவரத்துக் குழு உருவாயிற்று.

இதற்கு முன்பே, 2007இல் பயன்பாட்டுக் கட்டணத் திட்டத்தை எதிர்க்க உருவான கூட்டணி சிற்றூர்களையும் உழவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. வான்வழிக் கட்டுப்பாட்டை அரசு சாரா நிறுவனத்திடம் மாற்றும் மசோதாக்களைக் கீழவைக் குழுத் தலைவர் பில் ஷுஸ்டர் 2016இலும் 2017இலும் கொணர்ந்தபோது இவ்வலைப்பின்னல் மீண்டும் இயங்கியது. அட்டவணை விமான நிறுவனங்கள் பல மாற்றத்தை ஆதரித்தன. சிற்றூர் மேயர்களும் கிராமப்புறப் பிரதிநிதிகளும், கட்டுப்பாடு பெருநிறுவனங்களிடம் சென்றால் தம் ஊர் நிலையங்கள் புறக்கணிக்கப்படும் என அஞ்சி எதிர்த்தனர். 2018 பிப்ரவரியில் ஷுஸ்டர் முயற்சியைக் கைவிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தில் அம்மாற்றம் இடம்பெறவில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடுகையில் ஒரு போக்குப் புலனாகிறது. சாண்டா மோனிகாவில் துறை தன் உரிமையை முன்வைத்தது. நீதிமன்றம் பலமுறை அதனை ஏற்றும், வாக்காளர் ஏற்கவில்லை. மெய்க்ஸில் தொலைவிலிருந்த அரசுகளின் ஆதரவு, அண்மையிலிருந்த நகரத்தின் முடிவைத் தடுக்கவில்லை. 2018இலோ விமானமே வைத்திராத சிற்றூர் மக்களின் நலன் துறையின் நலனோடு இணைந்தது. பெருநிறுவனங்களின் ஆதரவு பெற்ற மசோதாவும் தோற்றது. ஆகவே வட்டார அமைப்பின் வலிமையை அதன் உறுப்பினர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. நகர்மன்றத்திலும் அண்டைத் தெருக்களிலும், வழக்கு எழுமுன்பே அது பெற்றிருக்கும் நம்பிக்கையும் அளவுகோலாதல் வேண்டும்.

அந்நம்பிக்கைக்கு விலையுண்டு. பழைய ஜெட் விமானங்களுக்குக் கிடைத்த விலக்கைப் போன்ற சலுகைகளைத் தாமாகவே விட்டுக்கொடுத்தல், இரவுப் பறப்பைக் குறைத்தல், நிலையத்தால் ஊர் பெறும் பயனை வெளிப்படையாகக் கணக்கிட்டுக் காட்டல் ஆகியவை அவ்விலையாகும். 1948இல் நிபந்தனையோடு திரும்பிய நிலத்தைப் பற்றி 2017இல் நகரமும் நடுவண் நிர்வாகமும் புதிதாக உடன்பட்டதைக் காணும்போது, பொதுநிலத்தின் பயன்பாட்டை எந்த ஆவணமும் என்றென்றைக்குமாகத் தீர்த்துவிடுவதில்லை என்பது தெளிவாகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்நிலத்தைச் சூழ்ந்து வாழ்வோரின் ஒப்புதலைப் புதிதாகப் பெறவேண்டியுள்ளது. வட்டார அமைப்புகளின் அரசியல் பணி தொடங்கவேண்டிய இடமும் அதுவே.