தலைவர் நாற்காலி காலியா இருந்த மூணு வருஷம்

2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் கரையைக் கடந்துச்சு. புதுக்கோட்டை மாவட்டத்துல தென்னையும் பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடந்தது. மின்கம்பங்கள் விழுந்ததால தண்ணித் தொட்டிக்கு மோட்டார் ஓடல. அப்போ எங்க அப்பத்தா போன்ல கேட்ட ஒரு கேள்விதான் இந்த எபிசோட்: "ஜெனரேட்டர் வேணும்னா யாருகிட்டப்பா போயி கேக்குறது? தலைவருன்னு யாரும் இல்லையே!"

ஏன் இல்ல? கொஞ்சம் பின்னாடி போவோம்.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அடுத்து 2001, 2006, 2011. நாலு தடவையும் ஐந்து வருஷக் கணக்கு தப்பல. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளுக்கும் தேர்தல் அறிவிச்சாச்சு. ஆனா பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்குல, அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செஞ்சது. அந்த மாசமே பழைய பிரதிநிதிகளோட பதவிக்காலமும் முடிஞ்சது. தனி அலுவலர்கள் வந்தாங்க.

இங்க ஒரு சின்னக் கணக்கு. புதுக்கோட்டையில 497 ஊராட்சிகள், 13 ஒன்றியங்கள். ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர், ஒன்றியத்துல இருக்கிற பி.டி.ஓ. அப்போ சராசரியா ஒருத்தருக்கு 38 ஊர்! நம்ம ஆபீஸ்ல 38 சர்வருக்கு ஒரே அட்மின்னா, எல்லாம் ஒரே ராத்திரியில படுத்துட்டா என்ன ஆகும்? அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் எல்லா இடத்துலயும் நிக்க முடியாது. கஜா அதைத்தான் காட்டுச்சு.

தண்ணி மட்டும் இல்லங்க. 2017 பிப்ரவரியில நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும், ஊரே போராட்டத்துல உட்கார்ந்தது. அப்பவும் ஊராட்சி சார்பா பேச, ஓட்டு வாங்கி வந்த ஒரு தலைவர் பதவியில இல்ல. எந்த ஊரணியைத் தூர்வாரணும், எந்தத் தெருவுக்கு விளக்கு போடணும், நம்ம நிலத்துல என்ன வரலாம், வரக்கூடாது — இதையெல்லாம் ஊர் பேசுற இடம் ஊராட்சி. அங்க நாற்காலி காலி. அந்த ஆண்டுகள்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லங்கிற காரணத்தால மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஒருவழியா தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6-ல் புதியவர்கள் பதவியேற்றார்கள். மூணு வருஷத்துக்கும் மேல இடைவெளி!

தேர்தல் நடந்தா எல்லாம் சரியாகிடும்னு நான் சொல்ல வரல. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்களோட குடிநீர்த் தொட்டியில மலம் கலக்கப்பட்டது வெளிய வந்தப்போ, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இருந்துச்சு. ஓட்டு சாதியை ஒழிச்சிடாது. ஆனா தலைவர் சரியில்லன்னா அடுத்த தேர்தல்ல மாத்தலாம். தனி அலுவலரை யாரு மாத்துறது?

பதவிக்காலம் முடியுறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு அரசியலமைப்பின் 243இ பிரிவு தெளிவாச் சொல்லுது. 2025 ஜனவரி 5-ல் அந்தப் பதவிக்காலமும் முடிஞ்சது. தேர்தல் வரல, மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தாங்க.

சட்டமன்றத் தேர்தல் மூணு வருஷம் தள்ளிப்போனா நாம சும்மா இருப்போமா? ஊராட்சித் தேர்தலுக்கு மட்டும் ஏன் இருந்தோம்? அப்பத்தா கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல மக்களே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.