இரண்டாம் குற்றச்சாட்டு: பாப்பானில் ஒரு தாதியின் அறம்

ஜப்பானிய ஆட்சியின் இறுதிக் கட்டத்தில், பேராக் மாநிலத்தில் ஒரு தாதியின்மீது மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டன. முதலாவது, எதிரியின் ஆட்களோடு சேர்ந்து உளவு பார்த்தது. இரண்டாவது, சட்டத்திற்குப் புறம்பானவர்களுக்கு மருத்துவம் செய்தது. மூன்றாவது, வானொலிப் பெட்டி வைத்திருந்து பகைநாட்டுச் செய்திகளைக் கேட்டுப் பரப்பியது. அத்தாதி சிபில் கார்த்திகேசு. நம் பள்ளிகளில் அவர் வீராங்கனையாகவே அறிமுகமாகிறார். அவ்வறிமுகத்தில் பிழையில்லை. எனினும் தாதிமைத் தொழிலை நாடும் மாணவர் ஊன்றி நோக்க வேண்டியது அந்த இரண்டாம் குற்றச்சாட்டையே.

1899இல் சுமத்திராவின் மேடானில் யுரேசியக் குடும்பமொன்றில் பிறந்த சிபில், பயிற்சி பெற்ற தாதியும் மருத்துவச்சியும் ஆவார். 1919இல் தமிழரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை மணந்தார். ஈப்போ, புரூஸ்டர் சாலையில் 1926 முதல் இருவரும் மருந்தகம் நடத்தினர். காந்தோனிய மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன மக்களிடம் அவருக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கவே, குடும்பம் அருகிலுள்ள ஈயச் சுரங்க ஊரான பாப்பானுக்கு இடம்பெயர்ந்து, பெரிய தெரு 74ஆம் எண் வீட்டில் குடியேறியது.

அங்கேதான் காட்டிலிருந்து காயம்பட்டவர்கள் வரத் தொடங்கினர். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்த அவர்கள் இரவில் மறைவாக வந்தனர். அவர்களுக்கு மருந்திடுவது தெரிந்தால் குடும்பமே அழியும் என்பதைச் சிபில் அறிந்திருந்தார். ஆயினும் கதவு திறந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சிபில் நடுநிலையாளர் அல்லர். பிரிட்டன் வெல்ல வேண்டுமென விரும்பியவர். பி.பி.சி. செய்தியைக் கேட்டு அண்டையாருக்குச் சொன்னதும் உண்மையே. அது குடிமகளின் துணிவு, தாதியின் கடமையன்று. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தமையால் நாமும் அவற்றை ஒன்றாக்கிவிடுகிறோம். ஆனால் வானொலியே இல்லாதிருந்தாலும் புண்ணுக்குக் கட்டுப்போட்டது மட்டுமே அவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது.

போரில் காயமுற்றோரை எந்நாட்டவராயினும் பேண வேண்டும் என்று 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை விதித்திருந்தது. ஜப்பானும் 1886இல் அதில் இணைந்த நாடே. அப்படியிருந்தும் மருத்துவம் குற்றமானது எவ்வாறு? காயம்பட்டவனைப் 'போர்வீரன்' என்னாது 'சட்டத்திற்குப் புறம்பானவன்' என்று பெயர் மாற்றியதால்தான். பெயரைக் கேட்டபின் புண்ணைப் பார்க்கச் சொல்கிறது அதிகாரம். புண்ணைப் பார்த்தபின் பெயர் எதற்கு என்கிறது தொழிலறம்.

நம் ரப்பர் தோட்டங்களிலும் இச்சிக்கல் வேறு உருவில் இருந்தது. தோட்டத்து 'டிரசர்' நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கினார். அவர் முன் நின்ற நோயாளியோ பால்வெட்டும் தொழிலாளி. காய்ச்சலோடு வந்தவருக்கு ஓய்வு எழுதுவதா, வேலைக்கு அனுப்புவதா? துரையின் முகமா, நோயாளியின் நாடியா? துப்பாக்கி முனை அங்கில்லை. ஆனால் கேள்வி அதுவே. இத்தகைய தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1965இல்தான் இயற்றப்பட்டது.

1943இல் சிபில் கைதானார். கெம்பெய்த்தாய் காவலர்கள் போராளிகளைப் பற்றிய விவரம் கேட்டு வதைத்தனர், முதுகெலும்பு சிதைந்தது. அவர் கண்முன்னே சிறுமியான மகளை நெருப்புக்கு இரையாக்குவதாக மிரட்டினர். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. நோயாளியின் மறைபொருளைக் காப்பது என்று பாடநூலில் ஒரு வரியில் நாம் படிப்பதற்கு, பத்து காஜா சிறையில் விலை இவ்வளவு. தன் மௌனத்திற்குக் குழந்தையும் விலையாகலாமா என்ற வினாவுக்கு எனக்கு எளிய விடை கிட்டவில்லை. ஒரு தாயைக் குறைகூற எனக்குத் துணிவுமில்லை.

ஆயுள் தண்டனை பெற்றிருந்த அவரை 1945இல் போரின் முடிவு விடுவித்தது. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12இல் காலமானார். ஸ்காட்லாந்தின் லானர்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். 1949 மார்ச்சில் அவருடல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12இல் கையெழுத்தான முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, காயம்பட்டோரையும் நோயுற்றோரையும் பேணியதற்காக எவரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று விதித்தது. காயம்பட்டோரைப் பற்றிய விவரங்களை வெளியிடுமாறு மருத்துவப் பணியாளரை வற்புறுத்தலாகாது என்ற விதியோ 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையில்தான் எழுத்தில் ஏறியது.